மாலத்தீவில் ஆட்சி மாறினால் அங்கே வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு என்ன ஆகும்?

வள்ளியூர் அண்ணன்:

வணக்கம். என் தங்கைக்கு மாலத்தீவில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. தெற்குக் கோடியில் அட்டு என்ற இடம், அரசு மருத்துவமனை, இரண்டு வருட ஒப்பந்தம். அவளுக்குப் போக ஆசை. அப்பா இல்லாத வீடு, முடிவு என் பொறுப்பில் இருக்கிறது.

தாய்மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தியாவே வெளியே போ என்று சொல்லி ஓட்டு வாங்கின ஊர் அது. அங்கே போய் வயசுப் பிள்ளையைத் தனியாக விடுவாயா?" என்கிறார். 2023 செப்டம்பரில் நடந்த அதிபர் தேர்தலைத்தான் சொல்கிறார். அதற்குப் பிறகு 2024 ஜனவரியில் மாலத்தீவைப் புறக்கணிப்போம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் இன்னும் ஃபோனில் வைத்திருக்கிறார். ஆனால் 2025 ஜூலையில் நம் பிரதமர் அவர்களுடைய சுதந்திர நாள் விழாவுக்கே போய் வந்ததைச் செய்தியில் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் இவ்வளவு மாறுமா? மாறியது திரும்பவும் பழையபடி ஆகாது என்று என்ன நிச்சயம்?

அங்கே ஒரு தேர்தல் நடந்து ஆட்சி மாறினால், இரண்டு நாட்டுக்கும் இடையே உள்ள உறவு உண்மையில் எவ்வளவு மாறும்? அந்த மாற்றம் அங்கே வேலை பார்க்கும் சாதாரண ஆள் வரைக்கும் வருமா? அடுத்த அதிபர் தேர்தல் 2028இல். ஒப்பந்தத்தை நீட்டித்தால் அப்போது தங்கை அங்கேதான் இருப்பாள். அங்கே இருந்தவர்கள், அந்த ஊரோடு வியாபாரம் செய்கிறவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.


கணக்கு டீச்சர், மார்த்தாண்டம்:

தம்பி, உங்கள் தங்கை போகப்போகிற அட்டுவில்தான் நான் பத்து வருடம் இருந்தேன். 2014 முதல் 2024 கடைசி வரை, ஹிததூ தீவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். 2018, 2023 என்று இரண்டு அதிபர் தேர்தலை அங்கிருந்தே பார்த்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்னதில் பாதி உண்மை. 'இந்தியா அவுட்' 2020இல் தொடங்கிய பிரசாரம். முன்னாள் அதிபர் யாமீனின் அணி அதைக் கையில் எடுத்தது. டிஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பையன்கள் திரிந்தார்கள், நானே பார்த்திருக்கிறேன். 2022 ஏப்ரலில் அப்போதைய அதிபர் சோலிஹ் ஆணை போட்டு அதைத் தடை செய்தார். அந்தத் தடை எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை. சின்ன ஊர். கடைத்தெருவில் பேசாதே என்றால் அந்தப் பேச்சு வீட்டுக்குள் போய் இன்னும் கெட்டியாகிவிடும். யாமீனுக்கு ஊழல் வழக்கில் சிறைத் தண்டனை வந்ததால் அவர் போட்டியிட முடியவில்லை. தலைநகர் மாலேயின் மேயராக இருந்த முகமது முய்சு அந்த அணியின் வேட்பாளர் ஆனார். 2023 செப்டம்பர் 30ஆம் தேதி இரண்டாம் சுற்றில் 54 சதவீதம் வாங்கி ஜெயித்தார்.

சரி, அந்த 'வெளியே போ' யாரைப் பார்த்துச் சொன்னது? இந்தியா கொடுத்த இரண்டு ஹெலிகாப்டர்கள், ஒரு டோர்னியர் விமானம், அவற்றை ஓட்டவும் பராமரிக்கவும் அங்கே தங்கியிருந்த நம் ராணுவத்தினர் 80 பேர் சொச்சம். பேச்சு அவர்களைப் பற்றித்தான். நர்ஸைப் பற்றியோ டீச்சரைப் பற்றியோ யாரும் பேசவில்லை. ஒரு ஹெலிகாப்டர் எங்கள் பக்கத்திலேயே, கன் விமான நிலையத்தில்தான் நின்றது. பெரும்பாலும் தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வரும், கடலில் காணாமல் போனவர்களைத் தேடும்.

வெறும் 80 பேருக்கா இவ்வளவு கோபம் என்று நானும் நினைத்தேன். அதை ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் உள்ளூர்க்காரி, சமூக அறிவியல் டீச்சர், என் நெருங்கிய தோழி. மார்க்கரை என் கையில் கொடுத்து, "நீ கணக்கு டீச்சர்தானே, போட்டுக் காட்டு" என்றாள். எங்கள் மக்கள் தொகை 5 லட்சம் என்று எழுது. உங்களுடையது 140 கோடி. எத்தனை மடங்கு? 2,800 மடங்கு. அந்த 80ஐ 2,800ஆல் பெருக்கு. 2 லட்சத்து 24 ஆயிரம் வந்தது. "உன் நாட்டில் இரண்டே கால் லட்சம் வெளிநாட்டு ராணுவத்தினர் தங்கியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வேலைதான் செய்கிறார்கள் என்று உங்கள் அரசாங்கம் சொல்கிறது. உனக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இதில் ஒன்று கவனியுங்கள், அவள் ஓட்டுப் போட்டது சோலிஹுக்கு. இந்தியாவோடு நட்பாக இருக்க வேண்டும் என்கிற கட்சிக்கு. அவளுக்கே அந்த எண்ணம் இருந்தது.

அட்டுவுக்கு இதில் தனிக் கதையும் உண்டு. கன் தீவில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் இருந்தது. 1976இல் அதை மூடிவிட்டுப் போனார்கள். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர். சிறு வயதில் அந்தத் தளத்தில் சமையல்கட்டில் வேலை பார்த்தவர், ஆங்கிலம் அருமையாகப் பேசுவார். சாயங்காலம் வாசலில் ஜோலியில் உட்கார்ந்திருப்பார். ஜோலி என்றால் இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை பின்னிய நாற்காலி, அந்த ஊர்த் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். "வரும்போதும் எங்களைக் கேட்கவில்லை, போகும்போதும் கேட்கவில்லை" என்று பிரிட்டிஷ்காரர்களைப் பற்றிச் சொல்வார். தளம் மூடிய அன்றைக்கே ஊரில் பாதிப் பேருக்கு வேலை போய்விட்டது என்பார். நம் நாட்டு உதவியில் அட்டுவில் காவல்துறைப் பயிற்சிக் கல்லூரி கட்டி 2022இல் திறந்தபோது, இவ்வளவு பெரிய கட்டடத்தில் கடைசியில் யார் வந்து தங்குவார்கள் என்று அவர் கேட்டார். அவர் நம்மை வெறுக்கிறவர் இல்லை. என் அம்மா தவறியபோது நான்கு நாள் அவர் வீட்டிலிருந்துதான் எனக்குச் சாப்பாடு வந்தது. பெரிய நாடு வந்து போவதை ஒருமுறை பார்த்துவிட்ட மனிதரின் பயம் அது.

அப்புறம், அந்தத் தேர்தலில் இந்தியா மட்டுமே பேச்சு என்று நினைக்காதீர்கள். மாலேயில் வீட்டு வாடகை, வீட்டுமனை, அரசாங்கத்தின் கடன், இதுதான் வீடுகளுக்குள் பேச்சு. ஆளும் கட்சியே இரண்டாக உடைந்திருந்தது. முன்னாள் அதிபர் நஷீத் தனியாகப் பிரிந்து புதுக் கட்சி தொடங்கிவிட்டார். 2008இல் பல கட்சித் தேர்தல் வந்த பிறகு அங்கே ஒரு அதிபரும் இரண்டாம் முறை ஜெயித்ததில்லை. 2013இல் யாமீன் வந்தார், சீனா பக்கம் சாய்ந்தார். 2018இல் சோலிஹ் வந்தார், 'முதலில் இந்தியா' என்றார். 2023இல் திரும்பவும் அந்தப் பக்கம். இருக்கிறவரை மாற்ற வேண்டும் என்று மக்கள் நினைக்கும்போது, இருக்கிறவர் யாரோடு நட்போ அந்த நாட்டின் பெயரும் மேடைக்கு வந்துவிடுகிறது. 2018இல் அப்படி மேடையில் அடிபட்டது சீனாவின் பெயர், சீனக் கடன். நம் டிவியில் அதை யாரும் பேசவில்லை என்பதால் நமக்குத் தெரியாது.

இப்போது நீங்கள் கேட்ட தலைகீழ் மாற்றம். 2023 நவம்பர் 17 பதவியேற்பு, மறுநாளே ராணுவத்தினரை அழைத்துக்கொள்ளச் சொல்லி முறைப்படி கேட்டார்கள். முய்சு முதல் பயணமாகத் துருக்கி போனார். ஜனவரியில் சீனா. அதே ஜனவரியில் நம் பிரதமர் லட்சத்தீவுக்குப் போனதை ஒட்டி அங்கே மூன்று துணை அமைச்சர்கள் அவரைப் பற்றி அசிங்கமாக எழுதினார்கள். அவர்களை அந்த அரசே இடைநீக்கம் செய்தது. அதற்குள் இங்கே புறக்கணிப்பு கிளம்பிவிட்டது. அந்த வாரம்தான் எனக்கு அங்கே மிகவும் கனமாக இருந்தது. உள்ளூர்க்காரர்கள் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நம் ஆட்கள் திவேஹி மக்களை, அதாவது மாலத்தீவுக்காரர்களைப் பற்றி எழுதியவற்றை என் மாணவிகள் ஃபோனில் படித்துவிட்டு வகுப்புக்கு வந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மிஸ், நாங்கள் பிச்சைக்காரர்கள் என்று உங்கள் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்களா?" என்று கேட்டாள். மூன்று பேர் எழுதியதற்கு ஒரு நாட்டையே திட்டியது பெரிய தவறு. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

மார்ச்சில் முதலில் கிளம்பியது எங்கள் அட்டுவில் இருந்த ராணுவத்தினர்தான். அவர்களுக்குப் பதில் இந்தியாவிலிருந்தே சிவில் தொழில்நுட்பக் குழு வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. சீருடை போனது, ஹெலிகாப்டர் சத்தம் மட்டும் அதேதான். மே 10 கெடுவுக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். நடுவில் ஏப்ரல் 21 நாடாளுமன்றத் தேர்தல், 93 இடத்தில் 66 இடம் முய்சு கட்சிக்கு. ஜூன் 9 அன்று நம் பிரதமர் பதவியேற்பில் அதே முய்சு விருந்தினர். அக்டோபரில் டெல்லிக்கு அரசுமுறைப் பயணம் வந்தபோது 40 கோடி டாலர், அதோடு 3,000 கோடி ரூபாய் அளவுக்கு நாணய மாற்று ஏற்பாடு கிடைத்தது.

பணத்துக்காகத்தான் திரும்பி வந்தார் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். அங்கே கஜானாவில் டாலர் தட்டுப்பாடு இருந்தது உண்மை. ஆனால் எனக்கு அது இரண்டாவது காரணமாகத்தான் படுகிறது. சொன்ன வாக்குறுதியை நிறைவேற்றிவிட்டார், நாடாளுமன்றமும் கைக்கு வந்துவிட்டது. இனி மேடையிலிருந்து இறங்கி வந்தால் யாரும் அவரைப் பயந்தவர் என்று சொல்ல முடியாது. நம் பக்கத்திலும் சீருடைக்குப் பதில் சிவில் ஆட்களை அனுப்ப ஒத்துக்கொண்டதால்தான் அவரால் இறங்க முடிந்தது. வீம்பு பிடித்திருந்தால் இன்றைக்கும் அந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் தங்கைக்கு வரக்கூடிய கஷ்டம் வேறு. சம்பளம் அந்த நாட்டு நாணயமான ருஃபியாவில் வரும். ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அதிகாரபூர்வ விலை, வெளியே அந்த விலைக்கு டாலர் கிடைக்காது. நான் கணக்கு வைத்திருந்த வங்கி, மாதம் ஊருக்கு அனுப்பும் தொகைக்கு வரம்பு போட்டது. என் தம்பி மகள் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம், கையில் பணம் இருந்தும் அனுப்ப வழியில்லாமல் இருந்தேன். அதனால் ஒப்பந்தத்தில் சம்பளம் எந்த நாணயம் என்று பாருங்கள், மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று இப்போது அங்கே இருக்கும் நர்ஸ் ஒருவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை இந்தச் சம்பளத்தில் அடைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.


பழைய துறைமுகம்:

அண்ணாச்சி, நான் தூத்துக்குடி. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தோணி வியாபாரத்தில் இருக்கிறது. மாலேக்குக் காய்கறி, வெங்காயம், கட்டுமானச் சாமான் ஏற்றுவோம். டீச்சர் அங்கிருந்து பார்த்ததைச் சொன்னார்கள், நான் ஜெட்டியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

2023 அக்டோபரில் எங்கள் ஆட்களுக்கும் பயம் இருந்தது. ஜனவரியில் அரிசி, சீனி, மாவு எல்லாம் துருக்கியிலிருந்து எடுக்கப்போகிறோம் என்று அந்த அதிபர் அறிவித்ததும் பயம் இன்னும் கூடியது. அவர் ஒரே நாட்டை நம்பியிருக்க வேண்டாம் என்று நினைத்ததில் தப்பே இல்லை. நானும் ஒரே மண்டியை நம்பிக் கடை நடத்த மாட்டேன். ஆனால் தக்காளியும் கீரையும் துருக்கியிலிருந்து வராது. எங்கள் தோணி போய்க்கொண்டுதான் இருந்தது.

எல்லாரும் அவர்கள் தேர்தல் நம்மை என்ன செய்யும் என்றே பேசுகிறோம். நம் தேர்தல் அவர்களை என்ன செய்யும் என்பதை நான் வெங்காயத்தில் பார்த்தேன். 2023 டிசம்பர் 8 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மக்களவைத் தேர்தல் வரப்போகிற நேரம், உள்ளூரில் விலை ஏறக்கூடாது என்ற கவலை. அந்தத் தடை 2024 மே 4 அன்றுதான் விலகியது. வெளிநாட்டுக்கு வெங்காயம் ஏற்றிப் பிழைத்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்த நேரம் அது. மாலத்தீவில் காலைச் சாப்பாடே மாஸ் ஹுனிதான். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்து ரொட்டியோடு சாப்பிடுவார்கள். நாசிக்கிலும் டெல்லியிலும் விலைக்குப் பயந்து எடுக்கிற முடிவு அந்தத் தீவில் ஒரு வீட்டின் காலைச் சாப்பாட்டைத் தொட்டுவிடும்.

தொடாமல் காப்பாற்றியது 1981இல் போட்ட ஓர் ஒப்பந்தம். நாம் எதைத் தடை செய்தாலும் மாலத்தீவுக்கென்று வருடா வருடம் ஒரு அளவு ஒதுக்குவோம் என்ற ஏற்பாடு. புறக்கணிப்புச் சத்தம் ஓயாத நேரத்தில், 2024 ஏப்ரல் 5 அன்று அந்த வருட ஒதுக்கீடு அறிவிப்பு வந்தது. வெங்காயம் 35,749 டன், முட்டை 42.75 கோடி, அரிசி 1,24,218 டன். ஒப்பந்தம் போட்டதிலிருந்து அதுவரை இவ்வளவு கொடுத்ததில்லை. ஜல்லியையும் ஆற்று மணலையும் தலா 10 லட்சம் டன்னாக ஏற்றியிருந்தார்கள். இங்கே ஏப்ரல் 19 நாங்கள் ஓட்டுப் போட்டோம், அங்கே 21 அவர்கள் போட்டார்கள். இரண்டு ஊரிலும் மைக்கில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்த அதே இரண்டு வாரத்தில் நாமக்கல் முட்டை லாரி எங்கள் துறைமுகத்தில் வரிசையாக நின்றது.

அதனால் என் புத்திக்கு எட்டியவரை, அதிபர் யார் என்று பார்ப்பதை விட இந்தப் பழைய ஒப்பந்தங்கள் ஓடுகிறதா என்று பாருங்கள். முட்டை ஒதுக்கீடு நின்றது என்று செய்தி வந்தால் அன்றைக்கு உங்கள் தங்கையைத் திரும்பி வரச் சொல்லுங்கள். அதுவரை பயப்பட வேண்டாம். அப்புறம், அவர்கள் பாஷையிலும் தோணிக்குத் தோணிதான். எங்கள் அடுப்படியில் இருக்கிற மாசிக் கருவாடும் அங்கிருந்து வந்ததுதான். எங்கள் தாத்தா காலத்தில் வெங்காயம் ஏற்றிப் போய் மாசி ஏற்றி வருவார்கள்.


மாஃபுஷி கணக்கர்:

நான் இப்போதும் மாலத்தீவில்தான் இருக்கிறேன். மாஃபுஷி தீவில் ஒரு விருந்தினர் விடுதியில் கணக்கு எழுதுகிறேன், சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம்.

டீச்சர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சாதாரண ஆள் வரைக்கும் வருமா என்று கேட்டீர்கள். எனக்கு வந்தது. அந்த ஜனவரியில் எங்கள் விடுதியில் இந்தியாவிலிருந்து வந்த முன்பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாயின. 2023இல் எந்த நாட்டையும் விட அதிகமாக இந்தியர்கள்தான் இங்கே சுற்றுலா வந்தார்கள், 2 லட்சத்துக்கும் மேல். 2024இல் அது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். பெரிய ரிசார்ட்டுகளுக்குச் சீனர்களும் ரஷ்யர்களும் வந்து ஈடுகட்டினார்கள். எங்களைப் போன்ற சின்ன விடுதிக்கு நம்மூர்க் குடும்பங்களும் புதுமணத் தம்பதிகளும்தான் சோறு. மூன்று மாதம் பாதிச் சம்பளம் வாங்கினேன். சமையலறையில் இருந்த இரண்டு பையன்களை, ஒருவர் திருச்சி, ஒருவர் கொல்லம், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். புறக்கணிப்பு செய்தவர்கள் மாலத்தீவுக்குப் பாடம் கற்பித்ததாக நினைத்தார்கள். முதலில் வேலை போனது இந்தியர்களுக்கு.

யாமீன் அடைபட்டிருந்த சிறை இதே தீவில்தான் இருக்கிறது. தேர்தல் முடிந்த கையோடு அவரை மாலேக்கு வீட்டுக்காவலுக்கு மாற்றினார்கள். அவர் வெளியே வந்ததும் இந்தியாவுக்கு எதிரான பேச்சு இன்னும் கூடும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவரோ முய்சுவோடு முறித்துக்கொண்டு தனிக்கட்சி தொடங்கினார். 2024 ஏப்ரலில் அந்தக் கட்சிக்கு ஒரு இடம் கூட வரவில்லை. அந்தக் கோஷத்தைப் பெரிதாக்கியவருக்கே அது ஓட்டாக மாறவில்லை. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தமிழ் பேசுகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1988 நவம்பரில் இலங்கையிலிருந்து வந்த ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் ஒன்று மாலேயைத் தாக்கியது. அன்றைய அதிபர் கயூம் கேட்டுக்கொண்டதும் அன்று இரவே இந்தியப் படை விமானத்தில் வந்து இறங்கிக் காப்பாற்றியது. பெரியவர்களுக்கு இரண்டும் நினைவிருக்கிறது. நான் வந்த புதிதில் ஒரு கிழவர், நான் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். இந்தியா என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ராத்திரியின் கதையை அரைமணி நேரம் சொன்னார். இளைஞர்களுக்கு அது பாடப்புத்தகச் செய்தி மட்டும்தான். அவர்களுக்கு நேற்று ஃபோனில் படித்ததுதான் இந்தியா. 2028இல் ஓட்டுப் போடப்போகிறவர்களில் நிறையப் பேர் அவர்கள்தான். அதனால் எனக்குக் கவலையே இல்லை என்று சொல்ல மாட்டேன்.


வள்ளியூர் அண்ணன்:

மூன்று பேருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த 2 லட்சத்து 24 ஆயிரம் கணக்கைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முழுச் சம்மதம் இன்னும் சொல்லவில்லை, ஆனால் ஒப்பந்தத் தாளைத் தானே வாங்கிப் பார்த்தார். சம்பளம் ருஃபியாவில்தான் இருக்கிறது. ஏஜென்ட் யாரும் இல்லை, விண்ணப்பம் நேரடியாகப் போட்டது.

தங்கை டீச்சரிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். தேர்தல் நேரத்தில் அங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? உள்ளூர்க்காரர்கள் அரசியல் பேசும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவா?


கணக்கு டீச்சர், மார்த்தாண்டம்:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை, அவர்கள் அரசியல் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. யாருக்கு ஓட்டு என்று மட்டும் கேட்கக்கூடாது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தங்கை ஒரு கட்சி இருப்பார்கள். ஊர்வலம், கூட்டம் பக்கம் போக வேண்டாம், ஃபோட்டோவும் எடுக்க வேண்டாம். கட்சி நிறமும் அங்கே முக்கியம். நான் இருந்தபோது மஞ்சள் ஒரு கட்சி, இளஞ்சிவப்பு ஒரு கட்சி. அந்த ஒரு மாதம் நான் இரண்டு நிறத்துச் சுடிதாரையும் பெட்டியில் வைத்துவிடுவேன். இந்தியாவிலிருந்து வரும் அரசியல் வீடியோ எதையும் மருத்துவமனைக் குழுவில் பகிரவே கூடாது.

கணக்கர் தம்பி சொன்ன கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் போகிறவள் திவேஹி மொழி கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் விடாமல் சொல்வேன். வார்டில் ஆங்கிலம் போதும், வேலை நடந்துவிடும். ஆனால் 'ஹாலு கிஹினே' என்று நலம் விசாரித்துவிட்டு ஊசி போட்டால் அந்தப் பாட்டியின் முகம் வேறாக இருக்கும். எண்களும் உடம்பு உறுப்புகளின் பெயர்களும் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

விமானம் திருவனந்தபுரத்திலிருந்து மாலே, அங்கே மாறி கன். மழைக்காலத்தில் இரண்டாவது விமானம் தாமதமாகும், மாலேயில் ஒரு ராத்திரி தங்கும்படி ஆனாலும் பதற வேண்டாம் என்று அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். நாள் முடிவானதும் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். என்னைக் கணக்குப் போடச் சொன்ன அந்தத் தோழி இன்னும் ஹிததூவில்தான் இருக்கிறாள், நேற்றே அவளிடம் பேசிவிட்டேன். கன்னுக்கு அவளே வந்து தங்கையை அழைத்துக்கொண்டு போவாள். ஒரு கிலோ ஏத்தங்காய் சிப்ஸ் மட்டும் கொடுத்துவிடுங்கள், தேங்காய் எண்ணெயில் பொரித்ததாக இருக்கட்டும். அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.